ஆகாய விமானத்தின் கம்பிக்கும் ஆணிக்கும் காவல் யார்?

மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருக்கு இரும்புக் கம்பியின் குணத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாத சரிவுகளிற் பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, மலையின் மேலிருந்து ஸ்டோர் வரையில் இழுத்துக் கட்டிய கம்பியிலே தொங்கவிட்டு அனுப்பும் ஏற்பாடு ஒரு காலத்தில் பல தோட்டங்களில் இருந்தது. மழையிலும் பனியிலும் கிடக்கும் அத்தகைய கம்பி ஒரே நாளில் அறுந்து விடுவதில்லை. மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கியதே கம்பி. முதலில் ஓர் இழை அறும். சில நாள் சென்று அதனருகே மற்றோர் இழை அறும். பார்வைக்குக் கம்பி முழுமையாகவே இருக்கும். ஒரு நாள் பாரம் ஏறும்போது, மிஞ்சி நின்ற இழைகள் யாவும் ஒருங்கே விட்டுவிடும்.

இந்தக் கம்பியை நம்பித்தான் ஆகாயத்திலும் மனிதர் பிரயாணம் செய்கின்றனர் என்றால் நேயர்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விமானியின் கைப்பிடியிலிருந்தும் காற்பலகையிலிருந்தும் புறப்படும் எஃகுக் கம்பிகள், விமானத்தின் உடலுக்குள்ளே கப்பிகளின் மேலாக ஓடி, இறக்கைகளையும் வாலையும் சென்றடைகின்றன. இறக்கைகளின் பின்னோரத்தில் உள்ள தகடுகளில் ஒருபுறத்தது ஏறி மறுபுறத்தது இறங்கினால் விமானம் பக்கவாட்டிற் சாயும். வாலிலே கிடையாக உள்ள தகடு மேலெழுந்தால் மூக்கு நிமிரும். தாழ்ந்தால் மூக்குக் குனியும். நிமிர்ந்து நிற்கும் வாலின் தகடு, தோணிக்குச் சுக்கான் எப்படியோ அப்படி. கடதாசியில் விமானம் செய்து பறக்கவிடும் சிறுவர்கள் அதன் பின்னோரத்தைச் சற்றே மேல்நோக்கி மடித்துப் பார்த்தால், இந்தத் தத்துவம் முழுவதையும் ஐந்து நிமிஷத்திற் கற்றுக்கொள்ளலாம். இக்காலத்துப் பெரிய விமானங்கள் பலவற்றில் கம்பிக்குப் பதிலாக மின்சாரக் கட்டளையும் எண்ணெய் அழுத்தமும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆயினும், சிறு விமானங்களிலும் பழைய அமைப்பைப் பின்பற்றிய பெரிய விமானங்களிலும் கம்பியின் ஆட்சி இன்னும் மறையவில்லை.

அந்தக் கம்பியைப் பரிசோதிக்கும் முறை மிக எளியது. தொழிலாளி ஒரு துணியைக் கம்பியின் மேல் வைத்துப் பற்றி நெடுக இழுத்துச் செல்வார். அறுந்த இழை ஏதேனும் இருந்தால் துணியைக் கொளுவிப் பிடிக்கும். அவ்விடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, கம்பியைத் தளர்த்தி வளைத்துப் பார்ப்பார். உள்ளிழைகளின் தேய்வு அப்போதுதான் வெளிப்படும். கோடிக் கணக்கில் விலைபெறும் யந்திரத்தின் நலத்தை ஒரு துண்டுத் துணி சோதிக்கிறது!

அந்தச் சோதனை போதாமற் போனால் யாது நேரும்? பசிபிக் சமுத்திரத்தில் தாகித்தித் தீவுக்கு அருகே மூரேயா என்னும் சிறு தீவு உண்டு. 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி, அங்கிருந்து தாகித்திக்குக் கிளம்பிய டுவின் ஒட்டர் விமானம் ஒன்று, தரையைவிட்டெழுந்த சிறிது நேரத்திலேயே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 20 பேரும் மாண்டனர். கடலடியிலிருந்து மீட்ட பாகங்களைப் பிரெஞ்சு விசாரணையாளர்கள் ஆராய்ந்தபோது, மூக்கை நிமிர்த்தும் கம்பி அறுந்திருக்கக் கண்டனர். வழிகாட்டித் துளையொன்றில் ஓயாமல் உராய்ந்து, இழை இழையாகத் தேய்ந்து நலிந்திருந்தது அக்கம்பி. விமான நிலையத்தில் நின்ற வேளையில், அருகே சென்ற பெரிய ஜெட் விமானத்தின் காற்று வால் தகட்டை உலுக்கியதால் எஞ்சிய இழைகளிற் பல அறுந்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர். அது துருப்பிடிக்காத எஃகினால் ஆன கம்பி. கடற்காற்றுக்குத் துரு ஏறாதென்று விரும்பப்பட்ட அந்த எஃகு, உராய்வுக்குச் சாதாரண எஃகைவிட விரைவில் தேயக்கூடியது. ஒரு நோய்க்கு மருந்தாகத் தேர்ந்தது மற்றொரு நோய்க்கு இடங்கொடுத்தது.

விமான விபத்து என்றதும் மலைநாட்டு மக்களின் நினைவு செல்லுமிடம் வேறு. மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அண்மையில் வரிசையாக ஏழு சிகரங்கள் நிற்கின்றன. அவற்றையே ஏழு கன்னியர் மலை, சப்த கன்னியர் மலை என்கின்றனர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி இரவு சுமார் பத்து மணிக்கு, ஒல்லாந்து நாட்டு மார்ட்டினேர் கம்பெனியின் டீ.ஸீ. 8 ரக விமானம் அந்த மலையில் மோதியது. இந்தோனேஷியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்கு ஹஜ் யாத்திரை புறப்பட்ட 182 பிரயாணிகளும், 9 சிப்பந்திகளும் அதில் இருந்தனர். கட்டுநாயக்காவில் இறங்கிச் சற்றே தங்கி, ஜித்தாவுக்குச் செல்லவேண்டிய பிரயாணம் அது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துக்களில் அதனினும் கொடியது வேறில்லை. மாண்டோருக்கு அப்பகுதியில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருக்கிறது.

அந்த விபத்தை ஏதோ யந்திரக் கோளாறு என்று இன்றும் பேசுவோர் உண்டு. அது சரியன்று. விமானத்தின் உறுப்புக்கள் யாவும் ஒழுங்காகவே இயங்கின. தாங்கள் விமான நிலையத்துக்கு மிக அண்மையில் வந்துவிட்டதாக விமானிகள் தவறாகக் கணித்து, மலைகள் கீழே இருப்பதை அறியாமல் தாழப் பறந்தனர் என்பதே விசாரணையின் முடிவு. மோதிய இடமோ கொழும்பிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவு. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலும் ஒரு விமானம் இதே விதமாக மலையில் மோதி 92 பேர் மாண்டிருந்தனர். தரை நெருங்குவதை விமானிக்குக் கூவி அறிவிக்கும் கருவியைப் பெரிய பிரயாணி விமானங்களிற் பொருத்தியாக வேண்டும் என்ற கட்டளை அதன் பின்னரே அந்நாட்டிற் பிறந்தது. அக்கருவி அன்று அந்த ஒல்லாந்து விமானத்தில் இருந்திருந்தால்... என்று எண்ணாமலிருக்க நம்மால் முடியவில்லை.

ஆனால் அதே டீ.ஸீ. 8 ரகத்தின் வேறொரு விமானம், இருபத்தைந்து ஆண்டு கழித்து, நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கே சான்றாக அமைந்தது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் தேதி, கலிபோர்னியாவில் மாதர் விமானத் தளத்திலிருந்து எழுந்த சரக்கு விமானம் ஒன்று, உடனே திரும்பி இறங்க முயன்று, தளத்தின் அருகேயே வீழ்ந்து எரிந்தது. மூன்று சிப்பந்திகளும் இறந்தனர். அந்த ரக விமானத்தில் விமானியின் கைப்பிடி, வாலின் பெரிய தகட்டை நேராக அசைப்பதில்லை. அதன் ஓரத்திலுள்ள ஒரு சிறு தகட்டையே அசைக்கும். சிறு தகடு திரும்பினால், காற்றின் விசை பெரிய தகட்டைத் தானே திருப்பிவிடும். அந்தச் சிறு தகட்டைத் தள்ளுகோலோடு இணைப்பது ஓர் ஆணி. அந்த ஆணி தன் இடத்தில் இல்லை. அதைச் சரியாகப் பூட்டவும், பூட்டியபின் பரிசோதிக்கவும் தவறியதே விபத்தின் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை எழுதி வைத்தது. பூட்டத் தவறியது ஒரு குற்றம். பாராமல் விட்டது வேறொரு குற்றம். இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் எழுதியதே அந்த அறிக்கையின் சிறப்பு என்போம்.

அதற்கு இரண்டு வாரங்களுக்குச் சற்று முன்பு, ஜனவரி 31ஆம் தேதி, அலாஸ்கா ஏர்லைன்ஸ் கம்பெனியின் எம்.டீ. 83 விமானம் கலிபோர்னியாக் கடலில் வீழ்ந்து 88 பேர் மடிந்தனர். அங்கே பழுதானது வாலின் கிடைத் தகட்டை ஏற்றி இறக்கும் நீண்ட திருகாணியும், அதன்மேல் ஏறியிறங்கும் மரையுமாகும். திருகாணிக்குக் கிறீஸ் பூசவேண்டும். மரை எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று காலந்தோறும் அளக்கவேண்டும். சில நூறு மணி நேரப் பறப்புக்கு ஒரு முறை என்றிருந்த கிறீஸ் பூசும் வேலை, வரவர நீட்டப்பட்டு, 1996ஆம் ஆண்டில் எட்டு மாதத்துக்கு ஒரு முறை என்றாயிற்று. எட்டு மாதம் என்பது ஏறக்குறைய 2,550 மணி நேரப் பறப்பு. நீட்டியவர்கள் களவாக நீட்டவில்லை. அதிகாரிகளின் அனுமதியோடுதான் நீட்டினர். 1997இல் அந்த மரையின் ஆட்டத்தை அளந்தபோது, அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு என்ற எல்லையைத் தொட்டிருந்தது. மீண்டும் அளந்தனர், முப்பத்துமூன்று என்று வந்தது. விமானம் வானுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த அளவெடுப்புக்கு முன்னரே மரையின் பற்கள் முற்றும் தேய்ந்து உரிந்துபோயின. கடலடியிற் கண்டெடுத்த திருகாணியில், வேலைசெய்யும் பாகத்திற் பயன்படத்தக்க கிறீஸ் இல்லை.

தேயிலை ஸ்டோரில் யந்திரத்துக்கு எண்ணெய் விடுபவரை யாரும் பெரிய மனிதராக மதிப்பதில்லை. உருளை நின்றுவிட்டால்தான் அவர் பெயர் எல்லார் வாயிலும் அடிபடும். ஆகாய விமானத்தின் கதையும் அவ்வளவில் மாறுபட்டதன்று. ஆனால் ஸ்டோர் நின்றால் நஷ்டமாவது கொழுந்து.

விபத்து நடந்த பதினைந்து நாட்களுக்குள்ளாகவே, பெப்ரவரி 11ஆம் தேதி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசரக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்தது. அவ்வமைப்பைக் கொண்ட விமானங்களின் திருகாணிகளைத் திறந்து, உலோகத் தூளும் சிராயும் உண்டா, கிறீஸ் உண்டா, தேய்வு எவ்வளவு என்று பார்த்தேயாக வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய உத்தரவைப் பறப்புத் தகுதிக் கட்டளை என்று கூறலாம். செய்தால் நல்லது என்னும் சிபாரிசு வேறு. செய்யாவிடின் விமானம் பறக்கக்கூடாது என்னும் கட்டளை வேறு. விமானத்தைச் செய்த கம்பெனி அனுப்பும் அறிவித்தல் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. அரசாங்கம் அதற்குச் சட்டத்தின் வலுவை அளிக்கும்போதுதான் அது கட்டாயமாகிறது.

இந்தக் கட்டளை கடல் கடந்து நம் நாட்டை எப்படி வந்தடைகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி சிக்காகோ நகரிற் கையொப்பமான சர்வதேச உடன்படிக்கையே அதற்கு வழி. அதன் எட்டாவது பின்னிணைப்பின்படி, ஒரு விமான ரகத்தை வடிவமைத்த நாடு, அதில் ஆபத்தான குறை காணப்பட்டால், அந்த ரக விமானங்களைப் பதிவு செய்துள்ள நாடுகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. பெற்ற நாடு அதைத் தன் விமானங்களில் நிறைவேற்றவேண்டும். இலங்கையில் இப்பொறுப்பு, 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையைச் சார்ந்தது. ஹட்டனுக்கு அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் மிதவை பூண்ட சிறு விமானங்கள் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிவந்து இறங்கியதுண்டு. அப்படிப்பட்ட சிறு விமானமாயினும் இந்த ஒழுங்குக்கு விலக்கல்ல.

கட்டளைகளுக்கெல்லாம் மேலாக நமக்குப் பெரிதாகத் தோன்றும் ஒழுங்கு வேறொன்று. விமானத்தைச் செலுத்தும் கம்பியையோ, ஆணியையோ, தகட்டையோ ஒருவர் கழற்றிப் பூட்டினால், அவரல்லாத தகுதிபெற்ற இன்னொருவர் அதைப் புதிதாகப் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். முதலாமவர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் சரியே. இதன் நியாயம் தோட்ட மக்களுக்கு நன்கு விளங்கும். மலையிலே நிறுத்த கொழுந்தை ஸ்டோரிலும் நிறுக்கிறார்கள் அல்லவா? இரண்டு தராசும் ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இரண்டாவது கண்ணும் சில வேளை முதற் கண் கண்டதையே காண்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, போர்த்துக்கல் நாட்டிற் பெரிய பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா கம்பெனியின் எம்பிரேயர் விமானத்தில், இறக்கைத் தகடுகளின் கம்பிகள் இடம்மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. வலப்பக்கம் சாய்க்க முயன்றால் இடப்பக்கம் சாய்ந்தது. ஆறு பேரோடு அந்த விமானம் வானில் தள்ளாடித் தடுமாறிற்று. கடலிலே கொண்டுபோய் இறக்கிவிடலாமா என்றுகூட விமானிகள் எண்ணினர். போர்த்துக்கல் விமானப்படையின் போர் விமானங்கள் துணைவர, பேஜா என்னும் தளத்தில் மூன்றாவது முயற்சியில் இறங்கிற்று. உயிர்ச்சேதம் இல்லை. கம்பி அறவில்லை, தேயவில்லை, முறையாக முறுக்கப்பட்டுமிருந்தது, திசைதான் தவறு. கைப்பிடியை ஒருவர் அசைக்க, இறக்கை எந்தப் பக்கம் நகர்கிறதென்று மற்றொருவர் வெளியே நின்று உற்றுப் பார்த்திருந்தால், தரையிலேயே தெரிந்திருக்கும்.

அந்தச் சோதனையை விமானிகளும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் செய்கின்றனர். ஓடுபாதையை நோக்கி விமானம் ஊர்ந்து செல்லும்போது, ஜன்னலோரத்தில் அமர்ந்த பிரயாணி இறக்கையின் பின்னோரத்தைக் கவனித்தால், தகடு ஒரு முறை மேலெழுந்து, ஒரு முறை தாழ்ந்து, மீண்டும் சமநிலைக்கு வருவதைக் காணலாம். கட்டுநாயக்காவிலிருந்து முதன்முதலாகப் பறக்கப்போகும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவும் நடந்து முடிய ஒரு நிமிஷம் கூட ஆகாது.