ஒரே மெயிலில் போன வேலை: கென்யாவின் டிஜிட்டல் திட்டத்தில் எங்கே சிக்கல்?

ஓடும் காரிலிருந்து கேமரா எடுத்த படம் திரையில் வருகிறது. அதில் சைக்கிளைச் சுற்றி ஒரு கட்டம், நடந்து போகிறவரைச் சுற்றி இன்னொரு கட்டம் போட வேண்டும். தானியங்கி காருக்குக் கண் கொடுக்கும் வேலை இது. கென்யாவில் நிரந்தர வேலை கிடைக்காத இளைஞர்கள் பலர் ரிமோடாஸ்க்ஸ் தளம் வழியாக இதை வீட்டிலிருந்தே செய்தார்கள். 2024 மார்ச்சில் ஒரு மெயில் வந்தது: கென்யாவில் இனி இந்தத் தளம் இயங்காது. அவ்வளவுதான்.

ஏன் கென்யா?

ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் அங்கே அதிகம். 2007-லேயே எம்-பெசா வந்து, வங்கிக் கணக்கு இல்லாதவர்களும் செல்போனில் பணம் வாங்கப் பழகிவிட்டார்கள். 2009-ல் கடலடி கேபிள்களும் வந்தன. இதை நம்பித்தான் அரசு 2016-ல் 'அஜிரா' திட்டத்தைத் தொடங்கியது. ஸ்வாஹிலியில் அஜிரா என்றால் வேலைவாய்ப்பு. பயிற்சி இலவசம், மையங்களில் இணையமும் இலவசம். 10 லட்சம் இளைஞர்களுக்கு டிஜிட்டல் வேலை என்பது இலக்கு. யோசனையில தப்பில்லை. உள்ளூரில் ஆலை வரும்வரை எத்தனை வருஷம் காத்திருப்பது?

சரி, சிக்கல் எங்கே?

வேலை யார் கையில் இருக்கிறது என்பதில்தான். சமா நிறுவனத்தையே பாருங்கள். டிஜிட்டல் வேலையால் வறுமையைக் குறைப்பதற்காக, இந்திய வம்சாவளி அமெரிக்கரான லைலா ஜனா 2008-ல் தொடங்கியது. அதன் நைரோபி ஊழியர்கள், ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காக வன்முறை, பாலியல் கொடுமை பற்றிய பத்திகளைப் படித்துத் தரம் பிரித்தார்கள். 2023 ஜனவரியில் டைம் இதழ் கணக்கை வெளியிட்டது. ஒப்பந்தப்படி மணிக்கு 12.50 டாலர், ஊழியர் கைக்கு வந்தது 1.32 முதல் 2 டாலர் வரை. மனசு பாதிக்கப்பட்டதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

ஆனாலும் சமாவுக்கு நைரோபியில் அலுவலகம் இருந்தது. இது சின்ன விஷயமில்லை. அங்கே ஃபேஸ்புக் பதிவுகளை வடிகட்டியவர்களால் கென்ய நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 2023 மே மாதம் 150-க்கும் மேற்பட்டோர் நைரோபியில் கூடி, தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். மெட்டா மீது கென்யாவிலேயே வழக்கு நடத்தலாம் என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது.

வீட்டிலிருந்து கட்டம் போட்டவர்கள் கதை வேறு. அவர்கள் யாருக்கும் ஊழியர் இல்லை, 'ஃப்ரீலான்சர்'. நோட்டீஸ் காலம், இழப்பீடு என்று கேட்க அவர்களுக்கு முதலாளி என்று ஒருவரே கிடையாது.