கணிப்பொறியும் சங்க நிர்வாகமும்

கணிப்பொறி வந்தால் சங்கக் கணக்கு விரைவாக முடியும் என்பது பொதுவான எண்ணம். அது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. ஒரு செய்தி யாரிடம் முதலில் சேருகிறது, யார் அதைக் கண்டு முடிவு செய்கிறார் என்பதைப் பொறுத்தே எந்த ஸ்தாபனமும் அமைகிறது. செய்தி செல்லும் வழி மாறினால் அங்குள்ளோரின் பொறுப்புகளும் மாறியே தீரும். இதனை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

நமது விவசாயக் கடன் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் தொடக்கச் சங்கம், மாவட்டத்தில் மத்தியக் கூட்டுறவு பாங்கு, மாநிலத்தில் தலைமை பாங்கு என அது மூன்று படிகளைக் கொண்டது. காகித ஏடுகளின் காலத்தில் செய்தியும் படிப்படியாகவே மேலேறியது. காரியதரிசி ரொக்கப் புத்தகத்தில் எழுதியது பேரேட்டுக்குச் சென்று, மாத முடிவில் பட்டியலாகிப் பின்னரே மத்திய பாங்கை அடையும். பேரேடு எவர் மேசையில் இருந்ததோ அவரிடமே விவரமும் இருந்தது. நிர்வாகக் குழுவும் அவர் சொல்லையே நம்பியிருக்க நேர்ந்தது.

2022 ஜூன் 29-இல் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. நபார்டு பாங்கின் வாயிலாக நடைபெறும் இத்திட்டத்தில், நாடு முழுவதற்கும் பொதுவான மென்பொருள் அமைகிறது. இத்தகைய முறையில் ஒரு வரவை ஒருமுறை பதிந்தால் போதும். ரொக்கக் கணக்கு, அங்கத்தினர் கணக்கு, பொதுப் பேரேடு ஆகிய மூன்றிலும் அது தானே ஏறிவிடும். மேலேயுள்ள பாங்கும் மாத முடிவுவரை காத்திராமல் அதைக் காண இயலும். பட்டியல் சேகரிப்பதில் கழிந்த மேற்பார்வையாளரின் நாட்களை, தவணை தவறியோரை நேரில் கண்டு காரணம் அறிவதில் செலவிடலாம்.

ஊழியர் சேர்ந்து உழைக்கும் முறையும் மாறுகிறது. இரும்புப் பெட்டியின் இரு சாவிகள் இருவர் கையில் இருப்பதன் நோக்கத்தை நாம் அறிவோம். கணிப்பொறியிலும் அதே நெறிதான். பதிபவர் ஒருவர், சரிபார்த்து ஒப்புதல் அளிப்பவர் மற்றொருவர். இருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல். சௌகரியம் கருதி ஒரே கடவுச்சொல்லை அனைவரும் பயன்படுத்துவது, இரு சாவிகளையும் ஒரே ஆணியில் மாட்டி வைப்பதற்கு ஒப்பாகும். பிழை நேர்ந்தால் செய்தவர் யார் என்பதை எந்தப் பொறியும் கூறாது.

செய்தி மேலே மட்டும் சென்றால் போதுமா? குஜராத் பால் சங்கங்கள் இதற்கு நல்ல விடை தருகின்றன. முன்னர் பாலின் மாதிரியைக் கந்தக அமிலத்துடன் கலந்து, சுழற்றிக் கொழுப்பின் அளவைக் கண்டனர். ஊற்றியவருக்கு விவரம் தெரியச் சற்றுக் காலமாகும். மின் தராசும் பரிசோதனைக் கருவியும் கணிப்பொறியுடன் இணைந்த சங்கங்களில், எடை, கொழுப்பு, விலை மூன்றும் அச்சிட்ட சீட்டு அப்போதே கைக்கு வருகிறது. ஐயமிருப்பின் அங்கேயே கேட்கலாம். ஏட்டை நம்பியிருந்த அங்கத்தினர் தாமே தணிக்கையாளராகிறார்.

இவ்வாறன்றிக் கணக்கு மேலிடத்துக்கு மட்டும் தெரியுமாயின், நாளடைவில் முடிவுகளும் மேலிடத்துக்கே போய்விடும்; நிர்வாகக் குழு கையொப்பமிடும் குழுவாகச் சுருங்கிவிடும். தவணை தவறியது எவர் என்பதைப் பொறி காட்டும். ஏரியின் கடைமடைக்கு நீர் எட்டாததால் அவர் பயிர் கருகியது என்பதை ஊரார்தான் கூறவேண்டும். அந்தக் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிச் சேர்ப்பது குழுவின் கடமை.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்றினைக் கோருதல் வேண்டும். கடன், வரவு ஒவ்வொன்றுக்கும் அச்சிட்ட ரசீது முதலாவது. நெசவாளர் சங்கமாயின், வாங்கிய நூல், ஒப்படைத்த துணி, கூலி, இருப்பு நான்கும் அச்சீட்டில் விளங்க வேண்டும். பொறியின் கணக்கைத் தம் பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை இரண்டாவது. எவருக்கு எந்தப் பதிவில் அதிகாரம் என்பதைப் பொதுப் பேரவையில் அறிவித்தல் மூன்றாவது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் கூட்டுறவுக் கொள்கை, ஒவ்வொருவருக்கும் தம் கணக்கு தெரிந்திருக்கும்போதே பொருளுடையதாகும்.