வானூர்திப் பணியும் உடற்கோலமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. ஓர் உத்தியோகத்துக்கு ஆள் தெரிவோர் இம்மொழியை எவ்வளவு தூரம் நம்பலாம், எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஆராயத்தக்கது. நம் பழைய மாணவருட் பலர் இன்று ஆள் தெரியும் ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றனர். கல்லூரியிற் பயில்வோரோ நாளை அவ்வாசனத்தின் முன் நிற்கப் போகின்றவர்கள். இரு சாராருக்கும் பயன்படுமாறு, தோற்ற விதிகள் மிகக் கடுமையாக வழங்கும் விமானப் பணியை எடுத்துக்கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

கிராண்ட்பாஸ் என்னும் பெயர், போர்த்துக்கேயர் காலத்திற் களனியாற்றைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் எழுந்தது. அன்று தோணியேறிக் கடந்த ஊர் மக்களின் பிள்ளைகளுக்கு இன்று கட்டுநாயக்காவே துறை. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாண வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டபோது, ஆகாயத்தில் உத்தியோகம் என்பது சிலருக்கே எட்டும் கனவாயிருந்தது. 1979இல் எயார் லங்கா தோன்றிய பின்னரும், வளைகுடா நாட்டு விமான சேவைகள் பெருகிய பின்னரும், அக்கனவு கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வீடுகளுக்கும் எட்டிவிட்டது. அதனுடன் ஒரு புதிய இடையூறும் வந்தது. முன்கையிலோ கழுத்திலோ பச்சை குத்திக்கொண்ட இளைஞன், மற்றெல்லாத் தகுதியும் பெற்றிருந்தும் வாயிலிலேயே திருப்பப்படலாம்.

பச்சை குத்துதல் நமக்குப் புதியதன்று. கோல வடிவங்களையும் புள்ளிகளையும் முன்கையிற் குத்திக்கொண்ட பாட்டிமாரைத் தமிழ்க் கிராமங்கள் நன்கறியும். அது அவர்களுக்கு அணிகலன். பின்னர் ஆங்கிலக் கல்வி பெற்றோர் அதனை நாகரிகக் குறைவென்று ஒதுக்கினர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மின்னூசி கொண்டு அதையே புதுமையென விரும்பி ஏற்கின்றனர். மூன்று தலைமுறைக்குள் ஒரே வழக்கம் அழகாயும் இழிவாயும் மீண்டும் அழகாயும் கருதப்பட்டது. ஆகவே தோற்றம் பற்றிய எந்த விதியும் என்றும் மாறாத உண்மையின்மேல் நிற்பதன்று என்பது முதற்கண் உணரத்தக்கது.

இவ்விதிகள் எங்கிருந்து வந்தன? 1930 மே 15ஆம் நாள் அமெரிக்காவில் எலன் சேர்ச் என்னும் தாதி, உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரும் அவரைத் தொடர்ந்தோரும் தாதிகளாய், மணமாகாதவராய், 25 வயதுக்கு மேற்படாதவராய், 115 இறாத்தல் எடைக்கு உட்பட்டவராய் இருத்தல் வேண்டுமென்று நிறுவனம் விதித்தது. அக்காலத்துச் சிறு விமானத்தில் ஒவ்வோர் இறாத்தலும் கணக்கிடப்பட்டதாதலின் எடை விதிக்கு ஓரளவு நியாயம் இருந்தது. விமானம் பெருத்தது, நியாயம் மறைந்தது, விதியோ பல ஆண்டுகள் நிலைத்தது. காரணம் இறந்த பின்னும் விதி வாழ்வது நிறுவனங்களின் இயல்பு.

இதனால் விதிகள் அனைத்தும் பொருளற்றவை என்று கொள்ளலாகாது. பயணிகள் விமானமொன்றின் வெளியேறும் வழிகளிற் பாதியை மட்டும் பயன்படுத்தி, அனைவரையும் 90 செக்கனில் வெளியேற்ற முடியும் என்று காட்டிய பின்னரே அவ்வகை விமானம் அங்கீகாரம் பெறுகின்றது. அவ்வேளையிற் பயணிகளை வழிநடத்துவோர் இப்பணியாளரே. எமிரேட்ஸ் நிறுவனம், நுனிக்காலில் நின்று 212 சென்றிமீற்றர் உயரத்தைக் கையால் எட்டவேண்டும் என்று கேட்பது மேற்பேழையிலுள்ள அவசர உபகரணங்களை எடுப்பதற்காக. இது பணியிலிருந்து பிறந்த விதி. அதே நிறுவனம் சீருடைக்கு வெளியே பச்சைக்குறி தெரியலாகாது என்று விதிப்பதோ நிறுவனத்தின் மதிப்பு, பயணிகளின் விருப்பம் என்பவற்றிலிருந்து பிறந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தவறு.

அண்டை நாடாகிய இந்தியாவின் நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் நமக்குப் பாடம் தருகின்றன. எயார் இந்தியாவின் பணிப்பெண்கள் 35 வயதடைந்தாலோ, சேவையின் முதல் நான்கு ஆண்டுகளுள் மணம் புரிந்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ வேலையிழந்தனர். 1981இல் உச்ச நீதிமன்றம், கருவுற்றமைக்காக வேலை நீக்குவது தன்னிச்சையானது என்று அவ்விதியைத் தள்ளியது. ஆயினும் மண விதியை நிலைநிறுத்தியது. 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தியன் எயார்லைன்ஸின் எடை விதியை ஏற்றுக்கொண்டது. 2022 நவம்பரில் எயார் இந்தியா வெளியிட்ட ஒழுங்குகள் நரைமயிருக்குச் சாயமிடவும், பொட்டின் அளவைச் சுருக்கவும், மணிக்கட்டிற் சமயக் கயிறு கட்டாதிருக்கவும் பணித்தன. காப்புக்கயிறு கட்டும் வழக்கமுடைய நம்மவர் இதனைக் கவனித்தல் நன்று.

பச்சைக்குறி பற்றிய தெளிந்த உதாரணம் நியூசிலாந்திற் கிடைக்கின்றது. மாஓரி மக்களுக்கு 'தா மொகோ' என்னும் குறி குலமரபைக் காட்டும் அடையாளம். 2013இல் விமானப் பணிக்கு விண்ணப்பித்த மாஓரிப் பெண்ணொருவர் முன்கையில் அக்குறி இருந்தமையால் விலக்கப்பட்டார். அவரை விலக்கிய எயார் நியூசிலாந்து, மாஓரி மரபின் சுருள் வடிவத்தையே தன் விமான வாலிற் சின்னமாகப் பொறித்திருந்தது. சின்னம் வேண்டும், சின்னத்துக்குரிய மக்களின் குறி வேண்டாம் என்ற முரண்பாட்டை நாட்டார் சுட்டிக்காட்டினர். 2019 செப்ரெம்பர் முதலாம் நாள் தொடக்கம் அந்நிறுவனம் பிறர் மனத்தைப் புண்படுத்தாத குறிகளை அனுமதித்தது. 2022இல் வேர்ஜின் அட்லாண்டிக் நிறுவனமும் அவ்வழி சென்றது. ஆயினும் முகத்திலும் கழுத்திலும் உள்ள குறிகளை அப்போது ஏற்கவில்லை.

சமயச் சின்னம் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. பிரிட்டிஷ் எயார்வேய்ஸின் நிலையப் பணிப்பெண் ஒருவர் சிறு சிலுவை அணிந்தமைக்காக 2006இல் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். மறு ஆண்டே நிறுவனம் விதியைத் தளர்த்திற்று. 2013இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், தலைப்பாகை முதலியவற்றை முன்னரே அனுமதித்த நிறுவனத்துக்கு ஒரு சிறு சிலுவையால் நட்டம் விளைந்தமை காட்டப்படவில்லை எனக் கருதி, அப்பெண்ணின் உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்தது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் என்பன காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது. உடற்குறி அவ்வரிசையில் இல்லை. மேலும் அப்பாதுகாப்பு அரச நிருவாகத்தின் செயலுக்கு எதிரானது. தனியார் முதலாளியை அது நேரே கட்டுப்படுத்தாது. 2014இல், கையிற் புத்தர் உருவம் குத்திய பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவில் தடுக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டபோது, 2017இல் நம் உயர் நீதிமன்றம் அவருக்கு எட்டு இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. அதிகாரிகளின் செயலுக்கு எதிராகக் கிடைத்த அந்நீதி, வேலை மறுக்கப்பட்ட இளைஞனுக்குக் கிடைக்கும் என்று எண்ணி ஏமாறலாகாது.

முதலாளிமாரின் பக்கத்திலும் உண்மை உண்டு. பல தேசத்தாரும் பல சமயத்தாரும் ஓரிடத்தில் அமரும் விமானத்தில், பணியாளர் தூய்மையும் ஒழுங்கும் உடையவராய்த் தோன்ற வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். ஆயின் ஒவ்வொரு விதியையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்க வேண்டுமென்பது நம் துணிபு. இது பணிக்கு வேண்டியதா? எல்லாருக்கும் ஒன்றுபோல வழங்குகின்றதா? விண்ணப்பிக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கப்பட்டதா? மூன்றாவதைச் செய்வதற்கு ஒரு சதமும் செலவில்லை. கடன்பட்டுப் பயிற்சி பெற்றுவந்த பிள்ளையை நேர்முகப் பரீட்சையின் இறுதியிற் கைச்சட்டையை உயர்த்தச் சொல்லித் திருப்பியனுப்புவது, விதி சரியானதாயினும் முறை தவறியதாகும். ஆள் தெரியும் பொறுப்பிலுள்ள நம் பழைய மாணவர் இதனை நினைவிற்கொள்வாராக.

மாணவருக்கு நாம் கூறுவது வேறு. குத்துவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அழிப்பதோ லேசர்க் கதிர் கொண்டு பலமுறை, பெருஞ்செலவில், தழும்பு நேரலாம் என்ற அச்சத்துடன் செய்யப்படுவது. குத்திக்கொள்ள விரும்புவோர், சீருடை மறைக்காத முன்கை, கழுத்து, புறங்கை ஆகிய இடங்களைத் தெரிவதற்கு முன் தாம் நாடும் தொழிலின் விதிகளை வாசித்தறிய வேண்டும். உலகம் மாறிவருகின்றது, எனினும் அது எல்லா நாட்டிலும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. மாற்றம் நம் வாயிலுக்கு வருமுன் நம் பிள்ளைகள் வாயிலை இழந்துவிடலாகாது என்பதே நம் விருப்பம்.