உறங்கும் வட்டுகள் சொல்லும் சேதி

மாணவர் மதிப்பெண், ஊழியர் சம்பளம், நோயாளியின் குறிப்பு ஆகிய யாவும் இன்று கணிப்பொறியின் வட்டுகளில் அடங்கியுள்ளன. ஒரு வட்டு பழுதானாலும் செய்தி அழியாதிருக்கப் பல வட்டுகளை இணைத்து இயக்கும் முறையே 'ரெய்டு' எனப்படும். 1988-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் இதனை வகைப்படுத்தி விளக்கினர். லினக்ஸில் தனிக்கருவி ஏதுமின்றி மென்பொருளைக் கொண்டே இதனைச் செய்யலாம். இதற்கென நீல் பிரவுன் இயற்றிய நிரலின் பெயர் 'எம்டிஅட்ம்'.

இத்தகைய வட்டுத்தொகுதி சில வேளைகளில் 'செயலற்றது' என்ற நிலையில் நின்றுவிடும். அதன் பொருள் என்ன? எஞ்சின் இணைக்கப்படாமல் நிற்கும் பெட்டித்தொடரை அரக்கோணம் சந்திப்பில் நாம் கண்டிருக்கிறோம். பெட்டிகள் உண்டு; ஓட்டம் இல்லை. அதுபோலவே, கணிப்பொறி துவங்கும்போது ஏதேனும் ஒரு வட்டு வந்து சேராவிடில், வந்தவற்றை மட்டும் கூட்டிவைத்து, இயக்காமல் நிறுத்திவிடுவது உண்டு. செயலற்றது வேறு, அழிந்தது வேறு என்பதை முதலில் உணரவேண்டும்.

இந்நிலையில் தொகுதியின் விவரத்தைக் கேட்டால் வரும் விடை நம்மைத் திகைக்க வைக்கக்கூடும். எம்டிஅட்மின் பழைய பதிப்புகள், ஐந்தாம் வகைத் தொகுதியையும் 'பூஜ்ய வகை' என்றே அறிவித்தன. ஐந்தாம் வகை ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். பூஜ்ய வகையோ தாங்காது. ஆகவே அவ்விடையை நம்பியவர் எல்லாம் போயிற்று என்று முடிவுகட்ட நேரும். உண்மையில், இயங்கத் தொடங்காத தொகுதிக்கு வகை இன்னும் பதிவாகவில்லை. அந்த வெற்றிடமே பூஜ்யமாக அச்சாயிற்று. 2020-ஆம் ஆண்டில் இது திருத்தப்பட்டது. வட்டுகளில் எழுதப்பட்டுள்ள குறிப்பைப் படித்தே வகையைச் சொல்லுமாறு நிரல் மாற்றப்பட்டது.

அக்குறிப்பே நமக்கு நம்பகமான சாட்சி. தொகுதியின் அடையாள எண், வகை, வட்டுகளின் எண்ணிக்கை, அவ்வட்டின் இடம், நிகழ்வுக் கணக்கு ஆகியவை ஒவ்வோர் உறுப்பு வட்டிலும் எழுதப்பட்டுள்ளன. 'எக்ஸாமின்' என்னும் கட்டளையால் அவற்றைத் தனித்தனியே படிக்கலாம். நிகழ்வுக் கணக்கில் ஒரு வட்டு பின்தங்கியிருந்தால், அது முன்னரே தொகுதியை விட்டுப் பிரிந்தது என்று அறியலாம்.

இவற்றைப் பாராமல் 'புதிதாக உருவாக்கு' என்று கட்டளையிடுவதே பெருந்தவறு. பழைய குறிப்பின்மேல் புதிய குறிப்பு எழுதப்படும். வட்டுகளின் வரிசை மாறினால் உள்ளிருக்கும் செய்தியும் சிதையும். எனவே முதலில் குறிப்புகளைப் படித்து எழுதிவைத்தல், இயன்றால் வட்டுகளைப் படியெடுத்தல், அதன்பின் இருக்கும் வட்டுகளைக் கொண்டே மீண்டும் கூட்டுதல் என்பதே முறை. ரெய்டு இருப்பினும் வேறிடத்தில் ஒரு பிரதி வைத்திருப்பது என்றும் நலம்.