ஒவ்வொரு கண்ணும் சரி, இரண்டும் சேர்ந்தால்?

பள்ளியில் கண் பரிசோதனை முகாம். மாணவி இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்கிறாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டும் தடுமாறாமல் படிக்கிறாள். ‘6/6, கண்ணாடி வேண்டாம்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே மாணவி இரவில் பாடப் புத்தகத்தை விரித்துக் கால் மணி நேரம் ஆவதற்குள் நெற்றி வலிக்கிறது என்கிறாள், வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்கிறாள். படிக்காமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று வீட்டில் திட்டு விழுகிறது.

இப்படித் திட்டு வாங்கும் பிள்ளைகளில் பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முகாமில் சோதித்தது ஒரு நேரத்தில் ஒரு கண்ணை. படிக்கும்போதோ இரண்டு கண்களும் ஒரே எழுத்தை நோக்கி உள்பக்கமாகத் திரும்ப வேண்டும். பெரியவர்களுக்குக் கண்பாவைகளின் இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டு கண்களுக்கும் கிடைக்கும் படங்கள் சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தை உணர்கிறது என்பதை இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார்.

இந்தக் கூட்டு வேலையைச் சோதிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். முதல் சோதனைக்குக் கரண்டி வடிவில் ஒரு கறுப்பு மறைப்பு போதும். தூரத்தில் உள்ள ஓர் எழுத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பரிசோதகர் ஒரு கண்ணை மறைப்பார். அவர் கவனிப்பது திறந்திருக்கும் மற்றக் கண்ணை. அது அசையாமல் இருந்தால் ஏற்கெனவே அந்த எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று நகர்ந்து எழுத்தைப் பிடித்தால், அதுவரை வேறெங்கோ நோக்கியிருந்தது என்று பொருள். அதுதான் மாறுகண். அடுத்து மறைப்பை இரண்டு கண்களுக்கும் மாற்றி மாற்றி வைப்பார். சேர்ந்து பார்க்க வாய்ப்பே தராமல் இப்படிப் பிரித்து வைத்தால், தசைகள் பாடுபட்டு அடக்கி வைத்திருந்த விலகலும் வெளியே வந்துவிடும். அந்த அசைவு நிற்கும்வரை, கண்ணுக்கு முன் வைக்கும் பிரிசக் கண்ணாடியின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போய் விலகலை அளப்பார். சிறிய மறைவிலகல் பெரும்பாலோருக்கு உண்டு. தொந்தரவு தராதவரை அது நோயல்ல.

கண்கள் நேராக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு படங்களையும் மூளை ஏற்க வேண்டும். இதை அறிய லண்டன் கண் மருத்துவர் கிளாட் வொர்த் பெயரில் வழங்கும் நான்கு விளக்குச் சோதனை மிக அழகானது. ஒரு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு வெள்ளை என நான்கு விளக்குகள். வலது கண்ணுக்குச் சிவப்பும் இடது கண்ணுக்குப் பச்சையுமான கண்ணாடியை மாட்டிவிட்டு, “எத்தனை விளக்கு தெரியுது?” என்று கேட்பார்கள். சிவப்புக் கண்ணாடி பச்சை விளக்குகளை மறைத்துவிடும், பச்சைக் கண்ணாடி சிவப்பை மறைத்துவிடும். வெள்ளை விளக்கு மட்டும் இரண்டு கண்ணுக்கும் தெரியும். நான்கு என்றால் கண்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. இரண்டு என்றால் இடது கண்ணின் படத்தை மூளை ஒதுக்குகிறது, மூன்று என்றால் வலது கண்ணின் படத்தை. ஐந்து என்றால் இரட்டைப் பார்வை.

சின்னப் பிள்ளைகளுக்கு ஈ படம் உண்டு. போலராய்டு கண்ணாடி வழியே அந்தப் பெரிய ஈ தாளைவிட்டு எழும்பி நிற்கும். இறக்கையைக் கிள்ளச் சொன்னால், ஆழம் தெரிகிற குழந்தை தாளுக்கு மேலே வெறும் காற்றைக் கிள்ளும்.

படிக்கும் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது பென்சில் சோதனை. பென்சில் முனையை மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, எங்கே அது இரண்டாகிறது என்று பார்ப்பது. பொதுவாக 6 சென்டிமீட்டர் வரை ஒன்றாகவே தெரிய வேண்டும். 10 சென்டிமீட்டருக்கும் அப்பாலேயே இரண்டாகிவிட்டால் கண்கள் உள்பக்கமாகக் குவிவதில் குறைபாடு இருக்கிறதா என்று மேலும் சோதிக்க வேண்டும்.

இது அபூர்வமான குறையல்ல. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளிப்படையான மாறுகண் இல்லாமலேயே இருகண் பார்வையில் குறை இருந்தவர்கள் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். அதில் அதிகம் காணப்பட்டது இந்தக் குவிதல் குறைபாடுதான். பத்தில் மூன்று பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கையா?

குவிதல் குறைபாட்டுக்குச் சிகிச்சையும் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பேரிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனைக்கு வந்து 12 வாரம் முறையாகக் கண்பயிற்சி செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம்.

மாறுகண்ணுக்கோ காலம் முக்கியம். குழந்தையின் மூளை ஒரு கண்ணைத் தொடர்ந்து ஒதுக்கினால் அந்தக் கண்ணின் பார்வை வளராமல் போய்விடும். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, இளம் வயதில்தான் இந்தப் பாதிப்பு கடுமையாக நிகழ்கிறது என்று காட்டிய ஹூபெலும் வீசலும் 1981-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவின் சூசன் பேரி கைக்குழந்தைப் பருவம் முதல் மாறுகண் உள்ளவர். பயிற்சியால் 48 வயதில் முதன்முறையாக ஆழத்தைக் கண்டார். அது நம்பிக்கை தரும் கதைதான். ஆனாலும் அதைக் காட்டிக் காத்திருக்கக் கூடாது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் விடுவது பெரிய அநியாயம்.

மறைப்பு, பென்சில், வண்ணக் கண்ணாடி இவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். அடுத்த முகாமில் சீட்டை வாங்கும் பெற்றோரும் ஆசிரியரும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இரண்டு கண்ணையும் சேர்த்துச் சோதித்தீர்களா?” இல்லை என்று பதில் வந்து, பிள்ளை தலைவலி, இரட்டை எழுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த 6/6-ஐ நம்பி இருந்துவிடாமல் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.