ஒரே இரவில் முடங்கிய 3,500 கருவிகள்: உங்கள் ஆபீஸ் ஸ்விட்ச் பூட்டியிருக்கிறதா?

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை இரவு. ஈரானில் பல டேட்டா சென்டர்களின் இணையத் தொடர்பு திடீரென அறுந்தது. ஸ்விட்ச்சுகளைப் பார்த்த இன்ஜினீயர்களுக்கு அதிர்ச்சி. கான்ஃபிகரேஷன் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் அமெரிக்கக் கொடியும் 'எங்கள் தேர்தலில் தலையிடாதீர்கள்' என்ற வாசகமும் இருந்தன. ஈரானில் சுமார் 3,500 கருவிகள், உலக அளவில் 2 லட்சம் கருவிகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அமைச்சகம் தெரிவித்தது.

ஹேக்கர்கள் எந்தப் பூட்டை உடைத்தார்கள்? பூட்டே இல்லை என்பதுதான் விஷயம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர், வைஃபை, சிசிடிவி என எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்றொரு வசதி உண்டு. புது ஸ்விட்ச்சை செட் பண்ண யாரும் நேரில் போக வேண்டாம். கேபிளைச் செருகினால் அதுவே கான்ஃபிகரேஷனை இறக்கிக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால், 4786-ம் எண் போர்ட்டில் யார் வந்து கட்டளை கொடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்காது! இது தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று 2017 பிப்ரவரியிலேயே சிஸ்கோ எச்சரித்திருந்தது. 'நோ விஸ்டாக்' என ஒரு வரி டைப் செய்தால் அந்தக் கதவு மூடிவிடும். பலர் அதைச் செய்யவில்லை.

இதேபோல இன்னொரு திறந்த கதவு, டெல்நெட். இதில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாகவே கேபிளில் போகும். நடுவில் ஒட்டுக்கேட்பவர் படித்துவிடலாம். அதனால்தான் எஸ்எஸ்எச் மட்டும் போதும் என்கிறார்கள். அதையும் அட்மின்களின் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே 'அட்மின்' பாஸ்வேர்டு என்றால், நேற்று ராத்திரி யார் எதை மாற்றினார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, ஹேக்கர் வரவில்லை. நாமே தப்பு பண்ணிவிட்டால்? வீட்டிலிருந்து லாகின் செய்து, தவறான ஒரு வரியால் நம் இணைப்பை நாமே வெட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். அப்புறம் ராத்திரி 11 மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓட வேண்டியதுதான்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கு. சிஸ்கோ ஸ்விட்ச்சில் இப்போது ஓடும் கான்ஃபிகரேஷன் வேறு, சேமித்து வைத்தது வேறு. ரீஸ்டார்ட் ஆனால் சேமித்ததுதான் திரும்ப வரும். எனவே, மாற்றம் செய்யும் முன் இப்போதிருப்பதை ஒரு காப்பி எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வையுங்கள். பிறகு 'ரீலோட் இன் 10' என்று கொடுங்கள். இணைப்பு அறுந்தாலும் 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, பழையபடி வந்து நிற்கும். சோதித்துப் பார்ப்பதற்குள் அவசரப்பட்டு சேவ் பண்ணிவிட்டால் மட்டும் இது பலிக்காது.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா? முதலில் 'ரீலோட் கேன்சல்', அப்புறம் சேவ். கேன்சல் பண்ண மறந்தீங்கன்னா, பத்தாவது நிமிஷம் மொத்த ஆபீஸும் உங்களுக்கு போன் பண்ணும்!