போர்டை மாற்றினால் எண்ணும் மாறும்

ஆனி முகூர்த்தங்கள் முடிந்து ஆடி பிறந்தால், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர்கள் ட்ரோனை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு வயதான சாதனங்கள். பேட்டரி உப்பியிருக்கும். காம்பஸ் பிழை என்று திரையில் சிவப்பு எழுத்து ஓடும். நின்ற இடத்தில் நிற்காமல் ஒரு பக்கமாக இழுக்கும். கடைக்காரர் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்டை மாற்றிக் கொடுத்து, “மாடிக்குப் போய் ஒரு தடவை ஏத்திப் பாருங்க சார்” என்பார். போட்டோகிராபரும் சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ வீட்டு மொட்டை மாடியில் நின்று, விமானப்படைத் தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஏற்றிப் பார்ப்பார். இந்த ஒரு காரியத்தில் இரண்டு விதிமீறல் இருப்பது இருவருக்குமே தெரியாது.

பழசையே ஏன் ஒட்டிப் போட்டு ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. முழு ட்ரோனாக மட்டுமல்ல, பிரித்து வைத்து அனுப்பினாலும் வராது. பாதுகாப்புத் துறை, ஆராய்ச்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் உதிரி பாகங்களுக்குத் தடை கிடையாது. ஆகவே புது ட்ரோன் வாங்க வழியில்லாதவர், பழையதன் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார். அதில் தப்பில்லை. மாற்றிய பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாததுதான் தப்பு.

2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகளின்படி ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் உண்டு. யு.ஐ.என். என்பார்கள். அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி வெளி உடம்போடு நின்றுவிடுவதில்லை. தயாரிப்பாளர் தந்த வரிசை எண், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்டின் வரிசை எண், கையில் பிடிக்கும் ரிமோட்டின் வரிசை எண் ஆகிய மூன்றோடும் அது கட்டப்பட்டிருக்கிறது. போர்டையோ ரிமோட்டையோ மாற்றினால், புது எண்ணை ஏழு நாட்களுக்குள், அல்லது மறுபடி பறக்க விடுவதற்கு முன், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் பதிவில் ஏற்ற வேண்டும். “ஏழு நாள் டைம் இருக்கு” என்று பாதியை மட்டும் படித்துவிட்டு மறுநாள் முகூர்த்தத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்குப் பறக்க விடுகிறீர்கள் என்றால் உங்கள் கெடு இன்றைக்கே முடிகிறது. ஏழு நாள் கணக்கு, பெட்டியில் சும்மா கிடக்கும் ட்ரோனுக்குத்தான்.

எண்ணை எங்கே பார்ப்பது? பல மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் ஒரு ஸ்டிக்கர் தெரியும். அது உடம்பின் எண். போர்டின் எண் ஸ்டிக்கரில் இருக்காது. ட்ரோனையும் ரிமோட்டையும் போனோடு இணைத்து, ஆப்பின் அமைப்புகளில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்தால் ‘ஃப்ளைட் கன்ட்ரோலர்’ என்ற பெயருக்கு எதிரே இருக்கும். ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் அந்தத் திரையை ஒரு படம் எடுங்கள். வாங்கும்போது கடையிலேயே இன்னொன்று எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்டு மாறவில்லை. மாற்றியதாகக் காசு வாங்கியிருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். வேறாக இருந்தால் பில்லில் இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய போர்டைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பதிவை மாற்றுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சேவைகள் இ-ஜிசிஏ தளத்திலும் நடக்கின்றன. உங்கள் யு.ஐ.என். எந்தக் கணக்கில் திறக்கிறதோ அங்கேயே திருத்துங்கள். விதியை எழுதியவர்கள், ரிப்பேர் கடை பில்லில் இதற்காக ஒரு கட்டம் அச்சடிக்கச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள். அரசிதழில் போட்டதோடு ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது நம் அதிகாரிகளின் பழைய வியாதி.

அடுத்தது மொட்டை மாடி. தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இருக்கிறது. வடக்கே மீனம்பாக்கம் ஓடுதளம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டர் வரை, தரையிலிருந்து ஓர் அடி ஏற்றினாலும் அனுமதி வேண்டும். 8-க்கும் 12-க்கும் நடுவே 200 அடி வரைதான் சுதந்திரம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்த மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது. பம்மல், அனகாபுத்தூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் என்று எந்த மாடியில் ஏறினாலும் இந்தத் தளங்களில் ஒன்று பக்கத்தில்தான் இருக்கும். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். “ரிப்பேர் சரியாச்சான்னு பார்த்தேன்” என்பது எந்தக் காவல் நிலையத்திலும் எடுபடாது.

சட்டத்தை விடுங்கள், வேலைக்கே மாடி ஆகாத இடம். புது போர்டு போட்டதும் காம்பஸை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும். மாடியின் கான்கிரீட்டுக்குள் கம்பி, மேலே தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி. அங்கே திருத்தினால் வடக்கு எது என்பதையே ட்ரோன் தப்பாகக் கற்றுக்கொள்ளும். சென்சார் பொய் சொன்னால் அதை நம்பி அது கூட்டத்துக்குள் போகும். மறைமலை நகரைத் தாண்டி, டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, இரும்பில்லாத வெட்டவெளியில் சோதியுங்கள். அணுமின் நிலையம் இருக்கும் கல்பாக்கம் பக்கம் போகவே வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், மாடியில் வேண்டாம்.

பேட்டரி மாற்றுகிறவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. 250 கிராம் வரை உள்ள நானோ வகைக்குப் பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. பதிவெண்ணும் மண்டலக் கட்டுப்பாடும் அதற்கும் உண்டு என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பழைய பேட்டரிக்குப் பதில் ‘பிளஸ்’ பேட்டரி போட்டால் டிஜேஐ மினி 3 புரோ 290 கிராமுக்குப் போய்விடும். அப்போது அது மைக்ரோ. கல்யாணத்துக்குக் கூலிக்குப் பறக்க விட்டால் சான்றிதழ், காப்பீடு இரண்டும் வேண்டும். சான்றிதழுக்கான பயிற்சியை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகத்தில் விசாரியுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும்.

ரிப்பேர் கட்டாது என்று பழைய ட்ரோனை விற்கிறவர்கள் படிவம் டி-3 நிரப்பாமல் கைமாற்றுகிறார்கள். வாங்கியவர் அதை எங்கே பறக்க விட்டாலும் பதிவில் இருப்பது உங்கள் பெயர். அடியோடு உடைந்துபோனாலும், காணாமல் போனாலும் அதே டி-3 மூலம் பதிவை நீக்க வேண்டும். வாங்குகிற பக்கம் இருந்தால், யு.ஐ.என். இல்லாத வெளிநாட்டு ட்ரோனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2021 நவம்பர் 30-க்குள் நாட்டுக்குள் வந்தவற்றைப் பதிவு செய்ய அடுத்த 31 நாள் அவகாசம் தந்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது.

பழுது பார்த்தது மறுவாரமே விழுந்தால்? யார் மேலாவது விழுந்து காயம் என்றால், ஓட்டியவர் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டுப் பிறகு காப்பீடு கேட்கப் போகாதீர்கள். கடைக்காரர் மீது புகார் என்றால் முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். “தொழிலுக்கு வாங்கினது, நீங்க கஸ்டமரே இல்ல” என்று மிரட்டுவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. பில் தர மறுப்பதும் 2019 சட்டப்படி முறையற்ற வணிகம்தான். உதவி மையத்தில் தீராவிட்டால், தாம்பரம், பல்லாவரம் தாலுகாக்காரர்கள் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போட உரிமை உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கெடு இரண்டு வருடம். மனுவோடு பில், முன்னும் பின்னும் எடுத்த அந்த இரண்டு படங்கள், கழற்றிய போர்டின் படம் ஆகியவற்றை இணையுங்கள். போர்டை மட்டும் விசாரணை முடியும்வரை பத்திரமாக வீட்டிலேயே வைத்திருங்கள்.